பிரேசில் சேரிக்கு நான் கொடுத்த செந்தமிழ்

சப்டைட்டில் எழுதுகிறவனை யாருக்கும் நினைவிருக்கக் கூடாது. படம் முடிந்து எழுந்து போகிறவர்கள், தாங்கள் வாசித்ததையே மறந்து, அந்த நடிகர்கள் தங்களுடைய மொழியில்தான் பேசினார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். இந்தத் தொழிலின் வெற்றி அவ்வளவுதான். மொன்றியலின் லாசால் பகுதியில் என்னை இன்றைக்கும் பலருக்கு நினைவிருக்கிறது. மீன்கடைக்குப் போனால் தயாளன் வெட்டுகிற கத்தியை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், அன்னையார் சுகமோ?" என்று கேட்கிறார். என் அம்மா காலமாகிப் பல வருடங்களாகின்றன. தயாளன் கேட்பது அவரை அல்ல. யாரை என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

எழுதச் சொன்னது நிவேதா. சென்னையிலிருந்து படிக்க வந்து, டவுன்டவுனில் நான் வேலை செய்த அதே கம்பனியில் இப்போது வேலை பார்க்கிறாள். இப்போதெல்லாம் சப்டைட்டிலை இயந்திரம் எழுதுகிறது, நிவேதா திருத்துகிறாள். "சார், அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்கு யூஸாகும்," என்றாள். எப்படிச் செய்யக் கூடாது என்பதற்குத்தான் என்னிடம் நல்ல உதாரணம் இருக்கிறது என்றேன். "அது இன்னும் நல்லது சார்," என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

என் தகுதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது அவைதான். யாழ்ப்பாணத்தில் தமிழில் சிறப்புப் பட்டம். சில வருடங்கள் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படிப்பித்தேன். பிறகு அகதியாக மொன்றியல். டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவினேன். அந்தக் காலத்தில் என்னால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக ஞாபகமில்லை. மாலையில் பிரெஞ்சு வகுப்பு. ஒருநாள், இந்தியப் படங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சப்டைட்டில் எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்தார்கள். கோப்பைகள் தப்பின.

என்னுடைய மேலதிகாரி மதாம் ஒடெத். மெலிந்த, சிறிய பெண்மணி. வெயிலுக்கும் பனிக்கும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. படம் ஓடும்போது மடியில் ஒரு மான்டரின் தோடம்பழத்தை வைத்துத் தோல் உரித்துக்கொண்டிருப்பார். உரிக்கிற கை நின்றால், திரையில் இருக்கிற வசனத்தில் பிழை என்று அர்த்தம். வாயைத் திறந்து திட்டியதே கிடையாது. கை நிற்கும், எனக்கு வியர்க்கும்.

அவருடைய விதிகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். முதல் தடவை படத்தைப் பேனா இல்லாமல் பார்க்கவேண்டும். அழுவதென்றால் அப்போதே அழுதுவிட வேண்டும், இரண்டாம் தடவையிலிருந்து அதற்கு நேரமில்லை. நடிகர் வாய் திறக்கும்போது எழுத்து வரவேண்டும், வாய் மூடிய கையோடு போய்விட வேண்டும். இரண்டு வரிக்கு மேல் இல்லை. காட்சி மாறிய பிறகும் பழைய வசனம் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பகிடியை நடிகருக்கு முன்பு எழுத்து சொல்லிவிடக் கூடாது. "சனம் படம் பார்க்க வந்திருக்கிறது, மிஸியே, உங்களை வாசிக்க அல்ல," என்பார்.

தெரியாத மொழிகளையும் மதாம் பரிசோதிப்பார். அதுதான் அவருடைய வித்தை. படத்தின் ஒலியை முழுவதும் நிறுத்திவிடுவார். எழுதியவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனத்தையும், அது திரையில் நிற்கிற நேரத்துக்குள், நடிகரின் குரலில் உரக்க வாசிக்க வேண்டும். மதாம் நடிகரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் ஒன்று சொல்லி, எங்கள் வாய் இன்னொன்று சொன்னால், கை நின்றுவிடும். கொலைகாரனாகவும் காதலியாகவும் கிழவனாகவும் மாறிமாறி அந்த அறையில் குரல் கொடுத்திருக்கிறேன். சுவர் தாண்டிக் கேட்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

என் வேலை பெரும்பாலும் தமிழிலிருந்து வேறு மொழிக்குத்தான். தமிழுக்குள் கொண்டுவருகிற வேலை ஒரேயொரு தடவை வந்தது. அந்த ஒரு தடவையே போதுமாக இருந்தது.

அது ஒரு பிரேசில் படம். மலைச்சரிவில் செங்கல் வீட்டின் தலையில் செங்கல் வீடு ஏறி நிற்கிற சேரி. மேலே தகரம், தகரத்துக்கு மேலே சிக்குப்பட்ட மின்கம்பிகள், அதற்கும் மேலே பையன்கள் விடுகிற பட்டம். பொலிஸ் ஏறி வருகிறது என்றால் பட்டம் கீழே இறங்கும். அந்தச் சரிவை இரண்டு கோஷ்டிகள் பங்குபோட்டு ஆளுகின்றன. சுடுகிறவனுக்கும் சுடப்படுகிறவனுக்கும் மீசை அரும்பவில்லை. ஒரு தாய் பணக்கார வீடுகளின் உடுப்புகளை இஸ்திரி போட்டு இரண்டு ஆண்பிள்ளைகளை வளர்க்கிறாள். மூத்தவன் ஒரு கோஷ்டியில் சேருகிறான். கடைசியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மற்றக் கோஷ்டி அவனைச் சுடுகிறது. இளையவனின் மடியில் சாகிறான்.

கற்பனை இல்லை. அந்த இளையவன் எடில்சன் என்பவர். படத்தை எடுத்தவரும் அவர்தான். அண்ணன் சாகும்போது என்ன சொன்னானோ அதையே படத்திலும் வைத்திருந்தார்.

இங்கே ஒரு திரைப்பட விழாவை நடத்துகிறவர்கள் அந்தப் படத்தை லாசாலில் ஒரு மண்டபத்தில் எங்கள் சனத்துக்கு இலவசமாகக் காட்ட நினைத்தார்கள். அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகளிலும் சிலர் இரண்டு பக்கமாகப் பிரிந்து அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்தகப்பன்மார் பார்க்கட்டும், பார்த்துவிட்டு வீட்டில் கதைக்கட்டும் என்பது நோக்கம். எடில்சனும் வருவதாக இருந்தது. தமிழ் சப்டைட்டில் என் பொறுப்பு.

எனக்குப் போர்த்துக்கீச மொழி தெரியாது. ஆங்கில வசனங்களை வைத்துத்தான் எழுதினேன். பேச்சுத் தமிழில் எழுதினால் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு மாதிரி, இந்தியத் தமிழருக்கு ஒரு மாதிரி. செந்தமிழ் என்றால் எல்லோருக்கும் பொது என்று ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன். "ஓடு!" என்று ஒரு பையன் கத்துகிறான். நான் "விரைந்து அகல்வாயாக!" என்று எழுதினேன். "துவக்கைக் கீழே போடு" என்பது "படைக்கலத்தைத் துறப்பாய்" ஆனது. படம் முழுக்கக் கெட்ட வார்த்தைகள். அவற்றையெல்லாம் பொறுக்கி மூடனே, நீசனே, அற்பப் பதரே என்று மூன்று சட்டிகளில் போட்டு மூடினேன். தென்னமெரிக்கச் சேரி ஒன்றில் இவ்வளவு தூய தமிழ் முன்னெப்போதும் ஒலித்திருக்காது.

அண்ணன் சாகிற இடம் வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே சொல். அம்மாவிடம் சொல்லாதே, அவ்வளவுதான். நான் இப்படி எழுதினேன்: "தம்பீ, அன்னையின் செவிகளுக்கு இச்செய்தி எட்டலாகாது."

ஒலியை நிறுத்திய அறையில் அதை மதாமுக்கு வாசித்துக் காட்டினேன். திரையில் அந்தப் பையனின் உதடு ஒருமுறை திறந்து மூடிவிட்டது. நான் இன்னும் 'செவிகளுக்கு' என்ற சொல்லில் நின்றுகொண்டிருந்தேன். மதாமின் கை நின்றது.

"மிஸியே, இவன் வயிற்றில் குண்டு பட்டவன். ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறான்?"

"தமிழ் நீளமான மொழி, மதாம்."

"உங்கள் மொழியில் சாகிறவர்களுக்கு அவசரமே இல்லையா?"

"அது எங்கள் மரபு."

அவர் என்னைப் பார்த்தார். தமிழைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நான்தானே நிபுணன். பழத்தை உரித்து முடித்தார். ஆனால் சாப்பிடவில்லை, மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் படத்தைக் காட்டினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. பின்பக்கம் மேசையில் தேநீர், ரோல்ஸ். முன்வரிசையில் எடில்சன். நல்ல உயரம், தலையை அடிக்கடி தடவுகிற பழக்கம். பக்கத்தில் நான், கோட்டுப் போட்டுக்கொண்டு. இரண்டு வரிசை பின்னால் என் மனைவி சரோவும் சிநேகிதிகளும்.

"விரைந்து அகல்வாயாக" வந்தபோது எங்கோ ஒரு சிறு கிளுகிளுப்பு. கதவுப் பக்கம் யாரோ தடுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். "அற்பப் பதரே" வந்தபோது இருட்டுக்குள் மீன்கடைத் தயாளனின் குரல் கேட்டது.

"உவங்கள் எல்லாரும் எங்கட மாஸ்டரிட்டை ரியூசனுக்குப் போனவங்கள் போல கிடக்கு!"

"சும்மா இரப்பா, சோதினையிலை வரும்," என்றது இன்னொரு குரல்.

பிறகு தண்ணீர்த் தாங்கி. குண்டுச் சத்தம். சனம் அடங்கிவிட்டது. பையன் தம்பியின் மடியில் கிடக்கிறான். உதடு அசைகிறது. அன்னையும் செவிகளும் எட்டலாகாதும் திரையின் அடியில் வந்து வரிசையாக நின்றன. பிறகு மூக்கால் வெடித்த ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் நான் கலியாணம் செய்திருக்கிறேன். சரோவுக்குப் பின்னால் மண்டபமே சிரித்தது. அடக்க முயன்று, முடியாமல், கதிரைகள் குலுங்கச் சிரித்தார்கள். திரையில் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

எடில்சன் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. முகங்களைத்தான் பார்த்தார். படம் முடியும்வரை திரைப்பக்கம் அவர் திரும்பவில்லை.

முடிந்த பிறகு தேநீர் மேசையருகில் என்னிடம் வந்தார். ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"என் அண்ணன் சாகிற இடத்தில் ஏன் சிரித்தார்கள்? பல ஊர்களில் காட்டியிருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை."

நான் தூங்காமல் எழுதிய வசனம்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்கும். ஆனால் கோட்டுப் போட்டிருந்தேன். விழாக்காரப் பெண் பக்கத்தில் நின்றாள்.

"எங்கள் சனம் போரைக் கண்ட சனம்," என்றேன். "பயந்தால் சிரிப்பார்கள்."

அவருடைய கண் நிறைந்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்தார். "நன்றி, புரொபெசர்," என்றார். நல்ல நீண்ட அணைப்பு. அதற்குள் உண்மையைச் சொல்லி முடித்திருக்கலாம். அவருடைய தோளுக்கு மேலால் ரோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதாமிடம் தமிழ் மொழியின் மேல் பழியைப் போட்டேன். எடில்சனிடம் தமிழ்ச் சனத்தின் மேல் போட்டேன். என் மேல் போட மட்டும் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை.

வீடு திரும்புகையில் காரில் சரோ கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தப் பெடியன் என்ன கேட்டவன்?"

"படம் சனத்துக்குப் பிடிச்சதோ எண்டு."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது. என்ன செய்யிறது, அந்த எட்டலாகாதைப் பாத்தவுடனை எனக்குத் தாங்கேலாமல் போட்டுது. சாகிறவன் உப்பிடியே சொல்லுவான்?"

"பின்னை எப்பிடிச் சொல்லுவான்?"

அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினாள். "உங்களுக்குத் தெரியாதே?" என்றாள்.

தெரியும். என் தம்பி இயக்கத்துக்குப் போன அன்று சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, நான் நின்ற இடத்துக்கு வந்து அதே மூன்று சொல்லைத்தான் சொன்னான். எங்கள் தமிழில் அது இரண்டே சொல். சைக்கிள் வீட்டில் நின்றது, அவன் வரவில்லை. ஆங்கில வசனத்தை வாசித்து முடிப்பதற்கு முன்பே அந்தத் தமிழ் என் கைக்கு வந்துவிட்டது. எழுதியும்விட்டேன். பிறகு அழித்தேன். பேச்சுத் தமிழ் என்பதற்காக அல்ல. ஒலியை நிறுத்திய அந்த அறையில், சாகிறவனின் குரலில், அதை நான் உரக்க வாசிக்க வேண்டியிருக்கும் என்பதற்காக. கொள்கை எல்லாம் பிறகு வந்தது. அழித்த இடத்தில் விழுந்த குழியை மூடத்தான் செவிகளையும் எட்டலாகாதையும் சுமந்து வந்து கொட்டினேன்.

இதைச் சரோவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அதன்பிறகும் சில வருடம் வேலை செய்தேன். மதாம் ஒடெத் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். "அன்னையார் சுகமோ" மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன மாதம் நிவேதா மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். அந்தப் படத்தை இப்போது இணையத்தில் வெளியிடப்போகிறார்களாம். புதிய தமிழ் சப்டைட்டில், கூடவே எடில்சனின் புதிய பேட்டி ஒன்று. "மெஷின் போட்டத ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார்," என்றாள்.

தண்ணீர்த் தாங்கிக் காட்சிக்கு நேரே போனேன். இயந்திரம் எழுதியிருந்தது: "அம்மாவிடம் சொல்லாதே."

நான் நாட்கணக்காக யோசித்துக் கெடுத்ததை அது கண் இமைப்பதற்குள் ஒழுங்காகச் செய்திருந்தது. அதற்குத் தம்பி கிடையாது என்பது அதனுடைய வசதி.

பிறகு பேட்டியைப் போட்டாள். எடில்சனுக்கு நரைத்துவிட்டது. தலையை இன்னும் தடவுகிறார். மொன்றியலில் தமிழர் என்றொரு சனம் தன் அண்ணனின் சாவைப் பார்த்துச் சிரித்தது என்றார். தனக்கு நெஞ்சு உடைந்தது என்றார். அப்போது அங்கிருந்த ஒரு பெரியவர், எங்கள் சனம் பயந்தால் சிரிக்கும் என்று விளக்கினார் என்றார். அன்றிலிருந்து போகிற ஊரெல்லாம் அந்தச் சனத்தைப் பற்றிச் சொல்லிவருகிறேன் என்றார்.

"சார், இந்தப் பெரியவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? பேர் கெடச்சா போட்டுடலாம்."

"நான்தான்."

"வாவ்! சூப்பர் சார்!"

"சூப்பர் இல்லைப் பிள்ளை. பொய்."

நடந்ததைச் சொன்னேன். எட்டலாகாது என்ற இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முகம் மாறியது.

"சார், இது தமிழ்லயும் போகுது. லாசால்ல அன்னிக்கு சிரிச்சவங்களே படிப்பாங்க. நாம பயந்தாங்கொள்ளியான்னு கேக்க மாட்டாங்களா?"

அதை நான் யோசிக்கவில்லை. உலகம் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது ஒன்று. தயாளன் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்கப்போவது இன்னொன்று.

"எடில்சன்கிட்ட நீங்களே சொல்லணும் சார்," என்றாள். "வீடியோ கால் நான் ஏற்பாடு பண்றேன்." பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருந்தேன். சரோ சமையலறையில் பொரித்துக்கொண்டிருந்தாள். புகைபோக்கி விசிறி இரைந்துகொண்டிருந்தது. கோட்டுப் போடவில்லை.

எடில்சன் திரையில் வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "புரொபெசர்!" என்றார். அந்தச் சொல் ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். யாரும் பயந்து சிரிக்கவில்லை, என் எழுத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், உங்களிடம் நான் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் தலையைத் தடவினார்.

"அப்படி என்ன எழுதினாய்?"

எழுதியதை அதே கனத்தோடு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். அரசவையில் ஓலை வாசிப்பதுபோல இருந்தது. அவர் கண்ணை மூடினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் அண்ணன் இதைக் கேட்டிருந்தால்," என்றார், "உன்னைச் சுட்டிருப்பான்."

நியாயமாகத்தான் பட்டது. அதைச் சொன்னேன். இன்னும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"இதை நான் எத்தனை ஊரில் சொல்லியிருக்கிறேன், தெரியுமா? அம்மாவிடமும் சொன்னேன். தூர தேசத்தில் சிரித்தார்கள், ஆனால் பயத்தில் சிரித்தார்கள் என்று. அவள் அவர்களுக்காகச் செபம் செய்தாள்."

எங்களுக்காக. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேட்டியில் அந்தத் துண்டை வெட்டச் சொல்கிறேன் என்றார். வெட்டிவிட்டார்கள். ஊர் ஊராகச் சொன்னதை வெட்ட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்: அன்று லாசால் மண்டபத்தில் இருந்தவர்கள் பயந்தவர்கள் அல்லர், இரக்கமில்லாதவர்களும் அல்லர். அவர்களுக்குத் தமிழ் தெரியும், அதனால் சிரித்தார்கள்.

போவதற்கு முன் எடில்சன் கேட்டார்: "சரியாகச் சொன்னால் உங்கள் மொழியில் எப்படி வரும்?"

படலையடியில் கேட்டதை, அன்றிலிருந்து வாயால் சொல்லாத ஒன்றை, சொன்னேன்.

"அம்மாட்டைச் சொல்லாதை."

அவர் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு திரும்பச் சொன்னார், கொஞ்சம் உரக்க, மூச்சு வாங்கிக்கொண்டு, அண்ணன் அன்று சொன்ன மாதிரியாகத்தான் இருந்திருக்கும். உச்சரிப்பு அவ்வளவு சரியில்லை. ஆனால் உதடு ஒருமுறை திறந்து மூடிவிட்டது.

"அம்மாட்டைச் சொல்லாதை."

சமையலறையில் விசிறி நின்றது. சரோ கையில் எண்ணெய்க் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். சிரிக்கவில்லை.

"ஆர் அது?" என்றாள். "ஆருக்கு என்ன நடந்தது?"